மலையில் காட்டுயிர் படம் எடுக்க: எந்த லென்ஸ், எப்போது கன்வேர்ட்டர்?

தலவாக்கலைப் பக்கமிருந்து ஒரு தம்பி போன் எடுத்தார். கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கிறவர். கையில் கெனன் 1500டி, கூடவே 55-250 மி.மீ. லென்ஸ். "அண்ணே, டூ எக்ஸ் கன்வேர்ட்டர் ஒன்னு மலிவா வருது. போட்டா என்னோட 250 அப்படியே 500 ஆயிரும்தானே?"

கன்வேர்ட்டர் என்பது கமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே போட்டுப் படத்தைப் பெரிதாக்கும் கண்ணாடி, டூ எக்ஸ் என்றால் இரண்டு மடங்கு. ஆகாது தம்பி என்றேன். கெனன் செய்கிற கன்வேர்ட்டர் அந்த லென்ஸில் பொருந்தவே பொருந்தாது. வேறு கம்பனிக்காரர் செய்தது பொருந்தினாலும், எஃப் 5.6 லென்ஸ் எஃப் 11 ஆகிவிடும் (எஃப் எண் கூடக் கூட உள்ளே வரும் வெளிச்சம் குறையும்). அந்த வெளிச்சத்தில் 1500டியின் ஓட்டோ ஃபோகஸுக்குக் கண் தெரியாது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், பத்து வருஷத்துக்கு முன் நானும் பெயர் தெரியாத ஒரு டூ எக்ஸ் வாங்கி 70-300இல் மாட்டிக்கொண்டு ஹோர்ட்டன் சமவெளிக்கு ஏறியவன். லென்ஸ் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் 140 படம், 140உம் கலங்கல்.

அந்தத் தம்பிக்குப் போனில் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். யால, வில்பத்துவில் எடுப்பவர்கள் தரும் யோசனை நமக்கு அப்படியே சரிவராது. அங்கே வெயில் தாராளம், ஜீப்பில் உட்கார்ந்தே எடுக்கலாம். இங்கே விடியும்போது பனிமூட்டம், ஒன்பது பத்து மணிக்கு மறுபடி மூட்டம், பின்னேரம் மழை, போதாததற்கு எல்லாவற்றையும் தோளில் சுமந்து நடக்க வேண்டும். ஆகவே மலையில் லென்ஸ் வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது எத்தனை மி.மீ. என்பதையல்ல, எவ்வளவு வெளிச்சம் உள்ளே வரும், எவ்வளவு எடை என்ற இரண்டையும்தான்.

1. ஒரு சோடாப் போத்தலை எடுங்கள்

காசு செலவழிக்க முன் ஒரு சின்னக் கணக்கு. 1500டி போன்ற க்ரொப் சென்சர் கமராவில், படம் பதிகிற சென்சரின் அகலம் ஏறக்குறைய 23.5 மி.மீ. (கெனனில் 22.3). மிருகம் நிற்கும் தூரத்தை மீற்றரில் எடுத்து 23.5 ஆல் பெருக்கி, லென்ஸின் மி.மீ. எண்ணால் வகுங்கள். அந்தத் தூரத்தில் உங்கள் படத்துக்குள் எத்தனை மீற்றர் அகலம் அடங்கும் என்பது வந்துவிடும்.

30 மீற்றரில் ஒரு மரை நிற்கிறது, உங்களிடம் 250 இருக்கிறது என்று வையுங்கள். 30ஐ 23.5 ஆல் பெருக்கி 250 ஆல் வகுத்தால் 2.8 மீற்றர். வளர்ந்த மரை பக்கவாட்டில் இரண்டு மீற்றருக்குக் கிட்ட இருக்கும். படம் நிறைந்துவிட்டது. அதாவது மரைக்குப் பெரிய லென்ஸ் தேவையே இல்லை. ஃபார் இன் வாகனத் தரிப்பிடத்தில் அவை மனிதருக்குப் பழகிப்போய் அருகிலேயே நிற்கும். அங்கே 600ஐத் தூக்கிப் பிடித்தால் ஒரு காதும் ஒரு கண்ணும்தான் கிடைக்கும்.

இனி மஞ்சள்காதுக் கொண்டைக்குருவி. இலங்கை மலைகளுக்கே உரியது, ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு, 20 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 10 மீற்றர் தூரத்தில் 300 லென்ஸ் என்றால் படத்தின் அகலம் 78 செ.மீ. குருவி கால்வாசி. 400 என்றால் 59 செ.மீ., மூன்றில் ஒரு பங்கு. 600 என்றால் 39 செ.மீ., பாதி. மூன்றில் ஒரு பங்கு நிறைந்தாலே நல்ல படம்தான், மிச்சத்தை வெட்டிக்கொள்ளலாம்.

எண் பிடிக்காதவர்கள் ஒரு சின்னச் சோடாப் போத்தலை எடுத்துத் தேயிலைச் செடியின் மேல் வைத்து, பதினைந்து காலடி வைத்துத் தள்ளி நின்று எடுத்துப் பாருங்கள். கொண்டைக்குருவி அவ்வளவுதான். நீலமும் சாம்பலும் கலந்த ஈபிடிப்பான் அதில் முக்கால்வாசி, வெள்ளைக்கண்ணி பாதி. இந்தப் போத்தல் பின்னால் கன்வேர்ட்டர் சோதனைக்கும் வேண்டும், வீசிவிட வேண்டாம்.

2. எங்கே நிற்கப் போகிறீர்கள்?

இதை ஒருவரும் கேட்பதில்லை. ஹோர்ட்டன் சமவெளியில் பாதையை விட்டு இறங்க அனுமதியில்லை. உலக முடிவைச் சுற்றி வரும் நடை ஒன்பது கிலோமீற்றருக்கு மேல். ஆகவே கிட்டப் போக முடியாது, கனமாகவும் தூக்க முடியாது. இரண்டரைக் கிலோ லென்ஸை முதல் கிலோமீற்றரில் பெருமையோடு தூக்குவீர்கள், ஐந்தாவதில் அது பையை விட்டு வெளியே வராது. பைக்குள் இருக்கிற லென்ஸ் படம் எடுக்காது.

நுவரெலியா விக்டோரியா பூங்கா நேர்மாறு. தட்டையான தரை, நடை குறைவு, பறவைகள் மனிதருக்குப் பழகியவை. நவம்பரிலிருந்து மார்ச் வரை காஷ்மீர் ஈபிடிப்பானும் ஆறுமணிக்குருவியும் அங்கே வந்து தங்கும். பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தால் 300 கூடப் போதும். கல்வேஸ் காடும் ஹக்கலயும் நடுவில்: நடை கொஞ்சம்தான், ஆனால் மரநிழல் கனம்.

தோட்டத்திலேயே இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. வேலியோர மரத்தில் எந்த நேரத்தில் எந்தக் குருவி வரும் என்று நமக்குத் தெரியும். முந்திப் போய் உட்கார்ந்தால் அதுவே கிட்ட வரும். அது எந்தக் கன்வேர்ட்டரையும் விட மலிவு. சிறுத்தையை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். தோட்டத்தில் புலி என்றால் அதுதான். கொழுந்து மலையில் கண்டால் லென்ஸைத் தேடாமல் பின்வாங்குங்கள்.

3. வெளிச்சக் கணக்கு

பட்டிப்பொல பக்கமாகச் சமவெளிக்கு ஏறும் சாலையோரத்தில் ஒரு குட்டை இருக்கிறது. பறவை பார்ப்பவர்கள் அரெங்கா குட்டை என்பார்கள். அரெங்கா என்பது இலங்கையின் சீழ்க்கைப் பூங்குருவி இனம். ஆண் கருநீலம், பெண் பழுப்பு. விடிகிறபோதும் இருட்டுகிறபோதும்தான் தரையிறங்கும். ஒரு ஜனவரிக் காலை, ஆறேகால் இருக்கும். புல்லில் உறைபனி வெள்ளையாக. விசில் சத்தம் இரண்டு தரம் கேட்டது, பிறகு பாசி பிடித்த கட்டையில் ஒரு இருட்டுத் துண்டு வந்து உட்கார்ந்து வாலை விரித்தது. எஃப் 6.3, ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குக் கமரா காட்டும் உணர்வின் எண்) 6400. ஷட்டர் திறந்திருந்தது 1/60 செக்கன்.

இதில் 1.4 கன்வேர்ட்டரைப் போட்டிருந்தால் என்ன ஆகும்? எஃப் 6.3 எஃப் 9 ஆகும், உள்ளே வரும் வெளிச்சம் பாதி. அதே 1/60க்கு ஐஎஸ்ஓ 12800 வேண்டும். டூ எக்ஸ் என்றால் எஃப் 13, வெளிச்சம் கால்வாசி, ஐஎஸ்ஓ 25600. படம் முழுக்க மணல் தூவினமாதிரி இருக்கும். எஃப் 4 லென்ஸ் ஒன்று கையில் இருந்தால் கதை மறுபக்கம்: 1/60க்குப் பதில் 1/150 கிடைத்திருக்கும், வாலாட்டும் பறவை தெளிவாக வந்திருக்கும்.

லென்ஸிலோ கமராவிலோ உள்ள நடுக்கக் கட்டுப்பாடு இங்கே பாதிதான் உதவும். உங்கள் கை ஆடுவதை அது சமாளிக்கும். குருவி ஆடுவதை அதற்கு நிறுத்தத் தெரியாது. உட்கார்ந்த குருவிக்கு 1/250, துள்ளுவதற்கு 1/1000, பறப்பதற்கு 1/2000 என்று மனதில் வைத்துக்கொண்டு அதற்குத் தேவையான வெளிச்சம் எப்போது வரும் என்று பாருங்கள்.

மூடுபனியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீள லென்ஸ் பனியை ஊடறுக்காது. உங்களுக்கும் மரைக்கும் நடுவே இருக்கும் அத்தனை நீர்த்துளிகளையும் அது பெரிதாக்கித்தான் தரும். பனியில் சின்ன லென்ஸோடு மிருகத்தையும் சூழலையும் சேர்த்து எடுங்கள். மலைநாட்டுப் படம் என்றால் அதுதானே. வெள்ளைப் பின்னணி கமராவை ஏமாற்றி எல்லாவற்றையும் இருட்டாக்கும், எக்ஸ்போஷரை ஒரு ஸ்டொப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம், கூட்டி வையுங்கள்.

4. லென்ஸ்

விலை எழுதவில்லை, அது டொலரோடு ஆடுகிறது. வகையை மட்டும் சொல்கிறேன்.

கையில் இருக்கும் 55-250 அல்லது 70-300ஓடு ஒரு சீசன் ஓட்டுங்கள். மரை, குரங்கு, ஊதா முக மந்தி, காட்டுக்கோழி எல்லாம் அதிலேயே வரும். முந்நூறு, நானூறு படம் எடுத்த பிறகு எது போதவில்லை என்று உங்களுக்கே தெரியும். பெரும்பாலும் நீளத்தைக் குறை சொல்வீர்கள். படங்களின் விவரத்தைத் திறந்து பார்த்தால் பாதிக்கு மேல் ஷட்டர் வேகம் குறைந்ததால் கெட்டவையாக இருக்கும்.

அடுத்தது 100-400. நடக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதையே. சிக்மாவினதும் டாம்ரனினதும் 100-400கள் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். கெனன் ஆர்எஃப் 100-400 வெறும் 635 கிராம். ஆனால் 400இல் எஃப் 8, மரநிழலில் திணறும். பழைய கெனன் இஎஃப் 100-400இன் இரண்டாம் பதிப்பு ஒன்றரைக் கிலோவுக்கு மேல், ஆனாலும் ஒரு மீற்றருக்கும் கிட்டவே ஃபோகஸ் பிடிக்கும். பட்டாம்பூச்சிக்கும் ஓணானுக்கும் தனி லென்ஸ் வேண்டாம்.

பறவைதான் பைத்தியம் என்றால் 150-600 வகை. சிக்மா கன்டெம்பரரியும் டாம்ரன் ஜீ2வும் இரண்டு கிலோவைச் சுற்றி. சிக்மாவின் டிஎஸ்எல்ஆர் ஸ்போர்ட் பதிப்பு கிட்டத்தட்ட மூன்று கிலோ, கார் வைத்திருப்பவர்களுக்கு. சோனி 200-600, நிக்கோன் இசட் 180-600 இரண்டும் சூம் செய்யும்போது வெளியே நீளாதவை. நமது மழைக்கு அது பெரிய வசதி, ஏனென்றால் நீளும் லென்ஸ் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் ஈரக் காற்றை உள்ளே இழுக்கும். நிக்கோன் டிஎஸ்எல்ஆர்காரர்களுக்கு 200-500 எஃப் 5.6 இன்றும் நல்ல பழைய லென்ஸ்.

சூம் இல்லாத லென்ஸ்களை நம்மவர்கள் ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நிக்கோன் 300 எஃப் 4 பிஎஃப் முக்கால் கிலோதான், அதே வரிசையில் 500 எஃப் 5.6 பிஎஃப் ஒன்றரைக் கிலோவுக்குள். கெனனின் பழைய 400 எஃப் 5.6 ஒன்றேகால் கிலோ, படம் கத்தி மாதிரி. நடுக்கக் கட்டுப்பாடு மட்டும் கிடையாது, மோனோபொட் (ஒற்றைக்கால் தாங்கி) வேண்டும்.

இவ்வளவுக்கும் வசதியில்லை என்றால் நிக்கோன் பி950 போன்ற பெரிய சூம் கமரா வாங்குவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. சென்சர் சின்னது, இருட்டில் படம் அழியும். ஆனால் வெயில் காலையில் தூரத்து மரத்தில் இருப்பது என்ன குருவி என்று சொல்ல அது போதும், பையில் சோற்றுப் பார்சலுக்கும் இடம் மிஞ்சும்.

5. டெலிகன்வேர்ட்டர்: கடைசியாக

கன்வேர்ட்டர் என்பது கமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே போடும் ஒரு பூதக்கண்ணாடி. லென்ஸ் தரும் படத்தின் நடுப்பகுதியைப் பெரிதாக்குகிறது. லென்ஸின் குறைகளையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. சுமாரான லென்ஸில் போட்டால் சுமாரானது பெரிதாக வரும். லென்ஸின் முன்பக்கம் திருகுகிற மலிவுக் கண்ணாடிகள் வேறு சாமான், அவற்றைத் தொடவே வேண்டாம்.

வாங்க முன் மூன்றைப் பாருங்கள்.

பொருந்துமா? கன்வேர்ட்டரின் முன்கண்ணாடி லென்ஸுக்குள் நீட்டிக்கொண்டு இருக்கும், எல்லா லென்ஸிலும் அதற்கு இடமில்லை. கம்பனியின் பட்டியலைப் பார்க்காமல் திருகினால் கண்ணாடியோடு கண்ணாடி முட்டும். சோனி மவுண்டுக்கு (லென்ஸ் மாட்டும் வாய்க்கு) வரும் சிக்மா, டாம்ரன் நீள லென்ஸ்களுக்குக் கன்வேர்ட்டரே கிடையாது. கெனன் ஆர்எஃப் 100-500இல் போடலாம், ஆனால் 300இலிருந்து 500 வரைதான் சூம் வேலை செய்யும். கிட்ட வந்த மரையை எடுக்க கன்வேர்ட்டரைக் கழற்ற வேண்டும். மழைத் தூறலில் அது நடக்கிற காரியமா?

கமரா ஃபோகஸ் பிடிக்குமா? 1500டி, நிக்கோன் டி5600 போன்ற தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர்களின் எல்லை எஃப் 5.6. எஃப் 6.3 லென்ஸ்கள் அந்த எல்லையை ஒட்டிச் சமாளிக்கும், அதற்கு மேல் நம்ப முடியாது. எஃப் 8 வரை கெனன் 7டி மார்க் 2 நடுப்புள்ளியில் மட்டும் பிடிக்கும், நிக்கோன் டி500 சில புள்ளிகளில் பிடிக்கும். புதிய மிர்ரர்லெஸ் (உள்ளே முகக்கண்ணாடி இல்லாத) கமராக்கள் எஃப் 11இலும் அதற்கு மேலும் பிடிக்கும், இருட்டில் மெதுவாக.

உண்மையிலேயே லாபமா? இங்கேதான் சோடாப் போத்தல். பனியில்லாத காலையில் பத்து மீற்றர் தள்ளி வைத்து, கமராவை முக்காலியில் நிறுத்தி, கன்வேர்ட்டரோடு ஒன்று, இல்லாமல் ஒன்று எடுங்கள். இல்லாத படத்தை வெட்டி மற்றதன் அளவுக்குப் பெரிதாக்குங்கள். லேபலில் உள்ள மிகச் சிறிய எழுத்தைப் பாருங்கள். கன்வேர்ட்டர் படத்தில் கூடுதலாக ஒரு வரியாவது வாசிக்க முடிந்தால் அது வேலை செய்கிறது. இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 24 மெகாபிக்சல் படத்தை 1.4 அளவுக்கு வெட்டினாலும் 12 மெகாபிக்சல் மிஞ்சும். ஏ4 தாளில் அச்சடிக்க அது தாராளம்.

எங்கே லாபம் என்றால், எஃப் 4 லென்ஸில் 1.4 போடும்போது. 300 எஃப் 4 லென்ஸ் 420 எஃப் 5.6 ஆகிறது, எடை அதிகம் கூடவில்லை. பகல் வெளிச்சத்தில் தேயிலை மலைக்கு மேலே வட்டமிடும் கருங்கழுகுக்கும் சரி. இன்னொன்று பலருக்குத் தெரியாதது: கன்வேர்ட்டர் போட்டாலும் லென்ஸ் ஃபோகஸ் பிடிக்கும் மிகக் கிட்டிய தூரம் மாறாது. சமவெளியில் பாசி மரத்தில் ஒட்டியிருக்கும் கொம்பு ஓணானை அதே தூரத்திலிருந்து 1.4 மடங்கு பெரிதாக எடுக்கலாம். எனது 1.4 இப்போது குருவியை விட ஓணானுக்குத்தான் அதிகம் பயன்படுகிறது.

டூ எக்ஸ்? எஃப் 2.8 லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு. மற்றவர்கள் அந்தக் காசில் நல்ல மழை உறையும் மோனோபொட்டும் வாங்கலாம்.

6. பழைய லென்ஸ் வாங்கும்போது

நம்மில் பலர் இரண்டாம் கையில்தான் வாங்குவோம், அதில் தப்பில்லை. ஆனால் இந்த நாட்டு ஈரத்தில் பூஞ்சை பிடிக்காத லென்ஸைத் தேட வேண்டும். லென்ஸின் இரு மூடியையும் கழற்றி, பின்னாலிருந்து போன் டோர்ச்சை அடித்து, முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரியோ மரவேர் மாதிரியோ தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள். தூசி நாலைந்து புள்ளி பரவாயில்லை. நான் ஒருமுறை பஸ் நிலையத்தில் மாலை வெளிச்சத்தில் அவசரமாகக் காசு கொடுத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து டோர்ச் அடித்தால் உள்ளே ஒரு முழு வேர்க்கொத்து. விற்றவரின் போன் அதற்குப் பிறகு எடுபடவில்லை.

உங்கள் கமராவில் மாட்டி கிட்டத்தையும் தூரத்தையும் மாறி மாறி ஃபோகஸ் பண்ணுங்கள். நடுக்கக் கட்டுப்பாட்டை இயக்கி வியூஃபைண்டரில் படம் நிலையாக நிற்கிறதா பாருங்கள். பின்பக்க மவுண்டின் திருகுகளில் கீறல் இருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள், ஏன் என்று கேளுங்கள். முடிந்தால் அதே வகை லென்ஸை ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்து ஹோர்ட்டன் சமவெளியில் சுமந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். தோள்தான் நல்ல நீதிபதி.

7. மழை, ஈரம், பெட்டி

சமவெளி வாசலில் பையைத் திறந்து பொலித்தீன் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். லென்ஸை ஷொப்பிங் பையில் சுற்றிக்கொண்டு போகிற பழக்கம் அங்கே எடுபடாது. துணியில் தைத்த மழை உறை ஒன்று வாங்குங்கள், அல்லது பழைய மழைக்கோட்டின் கையை வெட்டி ஒரு முனையில் இலாஸ்டிக் தையுங்கள். என்னுடையது அப்படித் தைத்ததுதான், ஐந்து வருஷமாக ஓடுகிறது. ஹூட்டை எப்போதும் போட்டே வையுங்கள், தூறல் கண்ணாடியில் விழாது. மலிவு யூவி ஃபில்டர் இருந்தால் கழற்றிவிடுங்கள். நீள லென்ஸில் அது படத்தை மழுக்கும்.

குளிரிலிருந்து இறங்கி வெக்கையான ஊருக்குப் போகும்போது பையைத் திறக்காதீர்கள். நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு இறங்கிய உடனே லென்ஸை வெளியே எடுத்தால் குளிர்ந்த கண்ணாடியில் வியர்வை பிடிக்கும். ஒரு மணி நேரம் பையிலேயே இருக்கட்டும். அடுப்படிக்குப் பக்கத்து அறையிலும் இதே கதை.

வீட்டில் வைக்க ட்ரை கெபினட் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ரப்பர் விளிம்புள்ள இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் ஒரு சின்ன மீற்றர். அது ஐம்பது வீதத்துக்குக் கிட்ட நிற்கட்டும். அரிசிக்குள் புதைப்பதை விட்டுவிடுங்கள், மாவுத்தூள் சூம் வளையத்துக்குள் போகும். லெதர் பையிலும் வைக்க வேண்டாம், பூஞ்சைக்கு அதுவே சாப்பாடு. சிலிக்கா நிறம் மாறியதும் தாச்சியில் மெல்லிய சூட்டில் வறுத்து ஆறவிட்டு மறுபடி போடுங்கள். அந்தத் தாச்சியில் பிறகு சமைக்காதீர்கள், வீட்டில் திட்டு வாங்கித் தெரிந்துகொண்டது.